அரிச்சுவடி தந்த துறவி – சுவாமி சகஜானந்தர்

கல்வியின் பெருமையை எடுத்தோதுவோர் பெரும்பாலும் கல்லூரிகளையும் பட்டங்களையுமே சுட்டிப் பேசுவர். ஆயினும், தலைமுறை தலைமுறையாக எழுத்தறியாது வைக்கப்பட்ட ஒரு சமுதாயத்தின் வாழ்வு திரும்புகின்ற இடம் தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பேயாகும். அங்கே ஒரு குழந்தை சுண்ணாம்புச் சுவரோரம் பாயில் அமர்ந்து முதல் எழுத்தை எழுதும் அந்த நாளே அக்குடும்பத்தின் வரலாறு மாறும் நாள். இவ்வுண்மையை நன்குணர்ந்து, தில்லை மாநகரில் 1916-ஆம் ஆண்டு 25 குழந்தைகளுடன் ஓர் எளிய பள்ளியைத் தொடங்கியவர் சுவாமி சகஜானந்தர். நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நமக்கு முன்னே நடந்து வழிகாட்டிய அப்பெருமகனாரின் வாழ்வை நினைந்து பார்ப்பது நம் கடமையாகும்.

பிறப்பும் இளமையும்

வட ஆர்க்காடு மாவட்டமாக அன்று விளங்கிய பகுதியில், ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரில் 1890-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 27-ஆம் நாள் அடிகளார் பிறந்தார். தந்தையார் அண்ணாமலை, தாயார் அலமேலு. பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி. உழைத்து உண்ணும் எளிய ஆதிதிராவிடர் குடும்பம் அது.

அக்காலத்தில் சேரிக் குழந்தைகளுக்குப் பள்ளி வாயில் எளிதில் திறக்கவில்லை. செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயர், பறையர் மக்களின் நிலை குறித்து 1892-இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதனையடுத்து 1893-ஆம் ஆண்டில் சென்னை அரசு இம்மக்களின் கல்விக்கெனச் சில சலுகைகளை ஆணையாக வெளியிட்டது. 1894-இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கிறித்தவ சமயத் தொண்டர்களும் ஊர்தோறும் பள்ளிகளை அமைத்து வந்தனர். முனுசாமியின் கல்வியும் அவ்வழியே வந்ததுதான். திண்டிவனத்தில் அமெரிக்க ஆர்க்காடு மிசன் நடத்திய பள்ளியில் அவர் பயின்றார். அவருடைய கூர்த்த அறிவைக் கண்ட ஆசிரியர்கள் சிகாமணி என்று அவருக்குப் பெயர் சூட்டி மகிழ்ந்தனர். ஆனால் கிறித்தவ சமயத்தைத் தழுவ அவர் இசையவில்லை. அதனால் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது.

பள்ளி வாழ்வு தந்த நன்மையையும் அது நடுவழியில் நின்ற துயரையும் ஒருங்கே அறிந்தவர் அடிகளார். படிக்க விரும்பும் ஏழைப் பிள்ளை எந்த நிபந்தனைக்கும் தலைவணங்காமல் படிக்க ஓரிடம் வேண்டும் என்ற எண்ணம் இவ்விளமை நிகழ்ச்சியிலேயே வேர்கொண்டிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

குருவின் நிழலில்

பிழைப்பை நாடிப் பெற்றோர் கோலார் தங்கவயலுக்குச் சென்றனர். மகனும் அங்கே சென்றார். வட ஆர்க்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரமாயிரவர் அச்சுரங்கங்களுக்குச் சென்று மண்ணுக்கடியில் உழைத்த காலம் அது. ஆயினும் அவருடைய உள்ளம் ஆன்மிகத் தேட்டத்திலேயே நின்றது. அத்தேட்டம் அவரைச் சென்னை வியாசர்பாடியில் வாழ்ந்த கரபாத்திர சுவாமிகளிடம் கொண்டு சேர்த்தது. கையையே உண்கலமாகக் கொண்டவர் என்பது அத்துறவியின் பெயருக்குப் பொருள். அவரிடம் தமிழ் நூல்களையும் வடமொழி நூல்களையும் வேதாந்தத்தையும் முனுசாமி கற்றார். சகஜானந்தர் என்னும் துறவுப் பெயரையும் அங்கேயே பெற்றார்.

பிறப்பைக் காட்டி வடமொழி மறுக்கப்பட்ட ஒரு குலத்தில் தோன்றியவர், ஒரு குருவின் திருவடியில் அமர்ந்து அம்மொழியைக் கற்றுத் தேர்ந்தார். கற்றலுக்குப் பிறப்பு தடையன்று. கற்பிப்பார் இன்மையே தடை என்பதற்கு அவர் வாழ்வே சான்றாயிற்று. இப்பாடத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பிறருக்கும் அளிக்க வேண்டுமென அவர் துணிந்ததிலேதான் அவருடைய துறவின் பெருமை அடங்கியுள்ளது.

தில்லையை நோக்கி

குருவின் ஆணையை ஏற்று 1910-ஆம் ஆண்டு அடிகளார் சிதம்பரம் வந்தார். அப்போது அவருக்கு அகவை 20. தில்லை சைவர்களுக்குக் கோயில் என்றாலே நினைவுக்கு வரும் ஊர். கல்விக்கும் பெயர்பெற்ற ஊர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய இடம் அது. ஆனால் அந்நகரைச் சூழ்ந்த சேரிகளில் வாழ்ந்த குழந்தைகளுக்குக் கோயில் வாயிலும் அடைபட்டிருந்தது. கல்வி வாயிலும் பெரும்பாலும் அடைபட்டிருந்தது.

அடைபட்ட இரண்டில் எதனை முதலில் திறப்பது என்ற வினாவுக்கு அடிகளார் செயலால் விடை கண்டார். 1916-ஆம் ஆண்டில் கூரைக் கொட்டகை ஒன்றில் 25 பிள்ளைகளுடன் நந்தனார் பள்ளி தொடங்கிற்று. நந்தனார் கல்விக் கழகம் அதனைத் தாங்கி நின்றது. அவ்வூரில் மீனாட்சி கல்லூரி தோன்றியது 1920-இல்; அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அமைந்தது 1929-இல். இவை இரண்டிற்கும் முன்னரே ஓமக்குளத்தருகே ஒரு கூரையின்கீழ்ச் சேரிப் பிள்ளைகள் அரிச்சுவடி ஓதத் தொடங்கிவிட்டனர் என்பதை நாம் பெருமையோடு நினைவில் கொள்ள வேண்டும்.

திண்ணையும் மணலும்

அப்பள்ளியின் அருமையை உணர வேண்டுமாயின், அக்காலத்துத் தொடக்கக் கல்வி எவ்வாறு நடந்தது என்பதைச் சற்றே காண வேண்டும். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் குழந்தை முதலில் எழுதியது மணலில். தரையில் மணலைப் பரப்பி, ஆசிரியர் குழந்தையின் வலக்கை விரலைப் பற்றி எழுத்தின் வடிவை வரையச் செய்வார். குழந்தை எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலை ஓட்டும். எழுதியதை அழித்து மீண்டும் எழுதும். இவ்வாறு கண்ணும் காதும் வாயும் கையும் ஒருங்கே பழகும். மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். மணலில் கை தேர்ந்த பின்னரே ஓலையும் எழுத்தாணியும். பிற்காலத்தில் பலகையும் பலப்பமும்.

இம்முறையின் சிறப்பை உலகம் ஏற்றது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்குழந்தைகளுக்கென 1789-இல் அமைந்த இல்லத்தைக் கண்காணித்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுச் சிறார் மணலில் எழுதுவதையும் மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பதையும் கண்டு தம் பள்ளியில் மேற்கொண்டார். தாயகம் திரும்பியபின் 1797-இல் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். சென்னை முறை என்ற பெயரால் அது இங்கிலாந்தின் ஏழைக் குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தது. கடல் கடந்து சென்ற அம்முறை, திண்ணைக்கு நான்கு தெரு தள்ளியிருந்த சேரிக்கு மட்டும் வரவில்லை. என்ன கொடுமை!

இதற்குக் காரணம் ஆராயத் தக்கது. முதல் எழுத்தைக் கற்பிக்க வேண்டுமாயின் குழந்தையின் கையைப் பிடித்தாக வேண்டும். எழுதிய பலகையை வாங்கித் திருத்தியாக வேண்டும். பக்கத்தில் அமர்த்தியாக வேண்டும். தீண்டாமை இம்மூன்றையும் தடுத்தது. ஆகவே, பள்ளியில் பெயர் பதிவான இடங்களிலும் சேரிக் குழந்தை கற்க இயலாமற்போனது. அடிகளார் பிறந்த மறு ஆண்டிலே, 1891-இல் பிறந்த அண்ணல் அம்பேத்கர் சதாராவில் பள்ளிச் சிறுவனாய் இருந்தபோது தம் சாக்குத் துண்டை வீட்டிலிருந்து கொண்டுவந்து தனியே விரித்து அமர்ந்தார் என்பதும், தாகம் எடுத்தபோது பள்ளி ஏவலர் குழாயைத் திறந்தாலன்றித் தண்ணீர் கிட்டாது என்பதும் அவரே பிற்காலத்தில் எழுதி வைத்த செய்திகள். நாட்டின் அரசியல் சட்டத்தை வரைந்த கை பள்ளியில் குழாயைத் தொட இயலாத கையாக இருந்தது.

இந்நிலையில் நந்தனார் பள்ளி செய்த முதற்பணி எது? குழந்தையைத் தொட்டுக் கற்பிக்கும் ஓரிடத்தை அது உண்டாக்கிற்று. ஒரே தரையில் அனைவரும் அமர, ஒருவர் பலகையை மற்றவர் வாங்கிப் பார்க்க அங்கே தடையில்லை. புத்தகப் பாடம் தொடங்குமுன்பே இச்சமத்துவம் குழந்தைக்குப் பாடமாயிற்று.

கணக்கும் களத்துமேடும்

எழுத்தைப் போன்றே எண்ணும் கண்ணெனத் தகும். அக்காலத் தொடக்கக் கல்வியில் எண்சுவடிக்குப் பேரிடம் உண்டு. வாய்ப்பாட்டை மாலையில் எல்லோரும் நின்று முறைவைத்து ஒப்பிப்பர். கால், அரை, முக்கால் என்னும் பின்னங்களும், அவற்றினும் சிறிய மா, காணி, முந்திரி என்னும் அளவுகளும் மனப்பாடமாகும். முந்திரி என்பது ஒன்றில் 320-இல் ஒரு பங்கு. நெல்லளவில் 8 படி ஒரு மரக்கால். 12 மரக்கால் ஒரு கலம்.

இக்கணக்கு வணிகர் வீட்டுப் பிள்ளைக்குத் தொழிலுக்கு உதவியது. பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கோ அது உயிருக்கே காவலாகும். தென் ஆர்க்காட்டுக் கழனிகளில் நம் முன்னோர் நாட்கூலியைப் பணமாகப் பெற்றதைவிட நெல்லாகப் பெற்றதே மிகுதி. களத்துமேட்டில் எத்தனை மரக்கால் அளந்தார்கள், பிடித்தம் எவ்வளவு, வாங்கிய கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கணக்கிட அறியாதவர் சொன்னதை நம்பிக் கைநாட்டு வைத்தனர். தந்தை வைத்த கைநாட்டு மகனையும் பண்ணையோடு பிணைத்தது. மூன்றாம் வகுப்பு வரை படித்த சிறுவன் ஒருவன் அக்களத்தில் நின்று 8 படியையும் 12 மரக்காலையும் தன் விரலில் எண்ணினால் அளப்பவர் கை நேராகும். பத்திரத்தில் எழுதியிருப்பதை அவன் எழுத்துக்கூட்டிப் படித்தால், எழுதுபவர் சற்றே நிதானிப்பார். தொடக்கப்பள்ளியை நிலக்கிழார்கள் பலர் ஐயுற்று நோக்கியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மாடு மேய்க்கவும் நாற்றங்காலில் குருவி ஓட்டவும் குழந்தையின் உழைப்பு தேவைப்பட்ட காலத்தில், அதனைப் பள்ளிக்கு அனுப்புவது வறிய பெற்றோர்க்கு எளிதன்று. ஒருவேளைக் கஞ்சிக்கும் அது இடையூறாகும். இதனை அறிந்தே, அடிகளாரின் கல்விப்பணியில் பாடசாலையோடு தங்குமிடமும் உணவும் இணைந்து நின்றன. தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே தங்கிப் பயின்றனர். நாளடைவில் அக்கொட்டகைப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. பெண்மக்களின் கல்வியும் அதில் இடம்பெற்றது.

நந்தனின் பெயர்

பள்ளிக்கு நந்தனார் பெயரை அடிகளார் சூட்டியது பொருள் பொதிந்த செயலாகும். ஆதனூரில் புலையர் குலத்தில் தோன்றித் தில்லைக் கூத்தனைக் காண நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று ஏங்கியதால் திருநாளைப் போவார் எனப் பெயர் பெற்றவர் அவர் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் கீர்த்தனையில் அவ்வரலாற்றுக்குள் நிலக்கிழாராகிய வேதியர் ஒருவரைப் படைத்தார். சேக்கிழார் நூலில் இல்லாத பாத்திரம் அது. அந்த ஆண்டையிடம் விடைபெறாமல் நந்தனால் ஊரைவிட்டு நகர இயலவில்லை. பாரதியார் காட்டிய அவ்வுலகம் தஞ்சையிலும் தென் ஆர்க்காட்டிலும் நம் முன்னோர் கண்ணாரக் கண்ட உலகமேயாகும். பள்ளிக்குச் செல்ல விரும்பிய பிள்ளையும் நாளை, நாளை என்றுதான் காத்திருந்தான். அந்த நாளையை இன்று என மாற்றியது அடிகளாரின் தொண்டு.

நந்தன் தீயில் மூழ்கித் தூயவனாகிக் கோயில் புகுந்தான் என்னும் பகுதியை ஏற்காதவர் நம்மிடையே உண்டு. அவர் வாதமும் புறந்தள்ளத் தக்கதன்று. அடிகளாரோ நந்தனைத் தம் மக்களின் உரிமைக்கு அடையாளமாகக் கொண்டார். காந்தியடிகள் 1927-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிதம்பரம் வந்தபோது நந்தனின் நினைவைப் போற்றிப் பேசினார். சென்னை மாகாணத்தில் 1947-இல் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியபின் நடராசர் கோயிலின் வாயிலும் நம் மக்களுக்குத் திறந்தது. பள்ளி வாயில் திறந்து 31 ஆண்டுகளுக்குப் பின்னரே கோயில் வாயில் திறந்தது என்னும் கணக்கை நம் இளைஞர் மறவாதிருத்தல் வேண்டும்.

அவைக்குச் சென்ற ஆசிரியர்

அடிகளார் 1926-இல் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினரானார். இடைவெளியோடு, 1959 வரை சட்டமன்றப் பணியில் இருந்தார். விடுதலைக்குப்பின் சிதம்பரம் தொகுதியின் உறுப்பினராக விளங்கினார். துறவியார்க்கு அவையில் என்ன வேலை என ஐயுற்றோர்க்கு அவர் பேசிய பொருள்களே விடையாகும். பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, உதவித்தொகை, குடிநீர்க் கிணறு, குடிமனை, நிலம் ஆகியவையே அவர் ஓயாது எடுத்துரைத்த பொருள்கள். அவ்வுரைகள் பிற்காலத்தில் எழுத்தாளர் ரவிக்குமாரால் தொகுக்கப்பெற்று நூலாகவும் வெளிவந்துள்ளன.

வகுப்பறையில் ஒரு குழந்தை பசியால் வாடுவதைக் காணும் ஆசிரியர், அதன் காரணத்தைத் தேடிச் சென்றால் இறுதியில் அரசின் வாயிலுக்கே செல்ல நேரும். அடிகளாரும் அவ்வழியே சென்றார். காமராசர் ஆட்சியில் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் மாநிலமெங்கும் பரவத் தொடங்கியதை அவர் தம் இறுதி நாட்களில் கண்ணாரக் கண்டார். 1959-ஆம் ஆண்டு மே முதல் நாள் அடிகளார் மறைந்தார். உழைப்பாளர் திருநாளில் உழைப்பாளர் மக்களின் ஆசான் விடைபெற்றார். அவர் கண்ட நந்தனார் பள்ளிகள் இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு மேனிலைப் பள்ளிகளாக விளங்குகின்றன. சிதம்பரத்தில் அவருக்கு மணிமண்டபமும் உள்ளது.

நம் ஊரும் நம் கடமையும்

நம் மேல்பட்டாம்பாக்கத்துக்கும் இவ்வரலாற்றில் ஒரு தொடர்புண்டு. லைப்சிக் மிசனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் என்னும் செருமானியப் பாதிரியார், சபைக்குள் சாதி வேற்றுமையைப் பொறுக்க இயலாது என்று கூறி அதனின்றும் விலகினார். அவர் 1861-ஆம் ஆண்டளவில் தம் பணியிடத்தை அமைத்தது இவ்வூரிலேயாகும். பின்னர் அது டேனிஷ் மிசனோடு இணைந்தது. தென்பெண்ணையாற்றை ஒட்டிய இச்சிற்றூரில் கல்வி விளக்கு ஏற்றப்பட்டபோதே சாதியை ஏற்பதா, மறுப்பதா என்னும் வினாவும் உடனெழுந்தது. 55 ஆண்டுகள் கழித்து அதே தென் ஆர்க்காட்டு மண்ணில் அடிகளார் அவ்வினாவுக்கே வேறொரு வழியில் விடை கண்டார். ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர். மற்றவர் சேரியிலேயே பிறந்தவர். சமயத்தால் வேறுபட்ட இருவரும் குழந்தையின் இருக்கையில் வேற்றுமை கூடாது என்பதில் ஒன்றுபட்டனர்.

இன்று பள்ளி இல்லாத ஊரில்லை. குழந்தையைச் சேர்க்க மறுத்தல் சட்டப்படி குற்றம். 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தால் பசியோடு முதல் மணிக்கு அமரும் குழந்தைகள் குறைந்துள்ளனர். ஆயினும் நம் பணி முடிந்துவிட்டதா? முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை பிழையின்றி ஒரு பத்தியைப் படிக்கிறதா, வகுத்தல் கணக்கைத் தானே செய்கிறதா, தன் ஐயத்தை எழுந்து நின்று அச்சமின்றிக் கேட்கிறதா என்பதை ஒவ்வொரு பெற்றோரும் நாள்தோறும் கேட்டறிய வேண்டும். வகுப்பறையைப் பெருக்கவும் கழிவறையைத் துப்புரவு செய்யவும் எந்தக் குழந்தையை அழைக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு சாராரின் குழந்தைகளே அழைக்கப்படுவராயின், பழைய சாக்குத் துண்டு இன்னும் சுருட்டி வைக்கப்படவில்லை என்பதே பொருள்.

படித்து உயர்ந்த நம் இளைஞர்கள் மாலையில் ஒரு மணி நேரம் தம் தெருவிலுள்ள சிறு பிள்ளைகளோடு அமர்ந்து பாடம் சொல்லிக் கொடுப்பார்களாயின், அதுவே சட்டாம்பிள்ளை முறையின் நல்ல பயன். அதற்குக் கட்டடம் வேண்டியதில்லை. ஒரு விளக்கும் ஒரு பாயும் போதும். அடிகளார் 25 பிள்ளைகளோடு தொடங்கினார். நம் தெருவில் ஐந்து பிள்ளைகள் இருந்தாலும் தொடங்கலாம். வெள்ளி விழாவின் மாலைகள் வாடிய பின்னரும் அந்த ஐவர் படிக்கும் குரல் நம் தெருவில் கேட்குமாயின், அதுவே அடிகளார்க்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும்.